எஸ்.ஏ.டி.: விரிவை இழந்த மூன்றெழுத்து

1926 ஜூன் 23 அன்று அமெரிக்காவில் ஏறத்தாழ 8,000 மாணவர் 'ஸ்காலஸ்டிக் ஆப்டிட்யூட் டெஸ்ட்' என்னும் கல்லூரி நுழைவுத் தேர்வை முதன்முறையாக எழுதினர். 'ஆப்டிட்யூட்' என்பது இயல்திறன். பயிற்சியால் அது கூடாது என்பதே உட்பொருள். தேர்வை வடிவமைத்த கார்ல் பிரிகாம், அறிவால் இனங்களைத் தரம்பிரித்த தம் 1923ஆம் ஆண்டு நூலை 1930இல் தாமே மறுத்தார். பெயரிலிருந்த சொல் மட்டும் நிலைத்தது.

மருத்துவக் கல்லூரிகளில் இடம் மறுக்கப்பட்ட ஸ்டான்லி கப்லான், புரூக்ளினில் தம் பெற்றோர் வீட்டு நிலவறையில் 1946 முதல் இத்தேர்வுக்குப் பயிற்சியளித்தார். பயனில்லை என்றது தேர்வை நடத்திய கல்லூரி வாரியம். கட்டணம் செலுத்தியோர்க்கு மதிப்பெண் கூடுமாயின், தேர்வு அளந்தது எதனை? 1979இல் கூட்டாட்சி வணிக ஆணையத்தின் ஆய்வு, சிறிதளவேனும் பயன் உண்டு என்றது. 1990களில் 'ஆப்டிட்யூட்' நீங்கி 'அசெஸ்மென்ட்', அதாவது மதிப்பீடு, வந்தது. (சொற்பொருளியலார்க்கு நல்ல சான்று!) அப்பத்தாண்டு முடியுமுன் அதுவும் நீங்கியது, இன்று அம்மூன்றெழுத்துக்கு விரிவே இல்லை.