ஒரு யூனிட் இரத்தம்



நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு எல்லையில் படை குவித்தார்களே, 'ஆபரேஷன் பராக்கிரம்', அந்தப் பணியிலிருந்த விமானப்படை வீரர் ஒருவருக்கு 2002 ஜூலையில், ஜம்முவின் சாம்பாவிலுள்ள இராணுவ மருத்துவமனையில் ஒரு யூனிட் இரத்தம் ஏற்றினார்கள். 2014இல் எச்.ஐ.வி. தெரிந்தது. காரணம் அந்த இரத்தமே என்று படையின் மருத்துவ வாரியமே எழுதியது. 2016இல் அவரைப் பணியிலிருந்து விடுவித்தார்கள். ஆவணம் கேட்டு அலைந்தார். தேசிய நுகர்வோர் ஆணையம் வழக்கைத் தள்ளியது. (பெயரை மறைக்கும் உரிமையை 2017 எச்.ஐ.வி. சட்டம் தருகிறது; நானும் சொல்லவில்லை.)

2023 செப்டம்பர் 26 அன்று, நீதிபதிகள் ரவீந்திர பட், தீபாங்கர் தத்தா அமர்வு 1,54,73,000 ரூபாய் தரச் சொன்னது. எந்த மருத்துவரின் தவறு என்று நோயாளி நிரூபிக்க வேண்டியதில்லை, நடந்ததே சாட்சி, தரைப்படையும் விமானப்படையும் சேர்ந்தே பொறுப்பு என்றது. ஓய்வூதிய நிலுவையையும் கொடுக்கச் சொன்னது.

இந்த வழக்கில் நம் கவனத்துக்குரியது தொகையல்ல, வாசல். 1995இல் வி.பி.சாந்தா வழக்கில் உச்சநீதிமன்றம் ஒரு கோடு கிழித்தது. வேலை நிபந்தனையாக முதலாளி ஏற்கும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும். எல்லோருக்கும் இலவசமாகத் தரும் அரசு மருத்துவமனை வராது. சிப்பாய்க்கு ஒரு வாசல் கூடுதல்.

சிப்பாயாவது யார்? மெட்ராஸ் படையில் ஒரு காலத்தில் பறையர்கள் கணிசமாக இருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் 'போர்க்குலம்' என்ற கட்டுக்கதை அந்த ஆட்சேர்ப்பைச் சுருக்கியது. அம்பேத்கரின் தந்தை சுபேதார். அவருடைய மகர் சாதிக்கும் அதே கதி. சம்பளம் போனது. பென்ஷன் போனது. அரசு நம் உடம்பைப் பற்றி எழுதிவைக்கும் காகிதமும் போனது.

பழவேற்காட்டுக்கு வருவோம். ஏரியில் 'பாடு' பரம்பரை மீனவச் சாதியின் உரிமை. தலித்துகளுக்கு அதில் பங்கில்லை. இருளர்கள் தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். காலில் சிப்பி கிழித்தாலும் பிரசவம் என்றாலும் போகுமிடம் இலவச அரசு மருத்துவமனை. அங்கே தவறு நேர்ந்தால் நுகர்வோர் மன்றம் மூடியிருக்கிறது. சிவில் கோர்ட்டோ உயர்நீதிமன்றமோதான். 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. கலந்த இரத்தம் ஏற்றப்பட்டதே, அவருக்கும் 25 லட்சம் இழப்பீடு மதுரைக் கிளையின் உத்தரவால்தான் கிடைத்தது. ஊரே, பத்திரிகையே கொதித்த வழக்கு அது. பொன்னேரியிலிருந்து உயர்நீதிமன்றத்துக்குப் போய்வர ஒரு நாள் கூலி போகும். கையிலிருப்பது ஓ.பி. சீட்டு ஒன்று; அதுவும் குடிசைக்குள் தண்ணீர் ஏறும்போது நனைந்துவிடுகிறது.