பூட்டுத் திறந்த அட்டவணை

சீனாவிலிருந்து வரும் ஒரு பிடிஎஃப் ரசீதை லினக்ஸ் கணினியில் திறந்தால், சில நேரம் கோடுகளும் கட்டங்களும் எண்களும் மட்டுமே தெரியும். பெயர், முகவரி, பொருள் விவரம் எல்லாம் வெறுமையாகக் கிடக்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி அனுப்பச் சொல்வார்கள். உண்மையில் கோப்பு கெடவில்லை. எண்ணைப் பார்த்து எழுத்தை எடுத்துத் தரும் ஓர் அட்டவணைதான் அந்தக் கணினியில் இருக்காது. அந்த அட்டவணை கடந்துவந்த பாதை நெடியது.

1980இல் சீனா வகுத்த ஜிபி 2312 தரம், 6,763 சீன எழுத்துகளுக்கு வரிசையும் இடமும் குறித்தது. சீன மொழியில் அந்நாட்டுப் பெயரின் முதல் எழுத்தை எடுத்துக்கொள்வோம். அதற்கு 54ஆம் வரிசை, 48ஆம் இடம். யூனிகோடில் அதே எழுத்து 20013. தைவானின் பிக்5 முறையில் எண் வேறு. இவை போதாதென்று, அடோபி நிறுவனமும் தன் எழுத்துருக்களுக்காக சிஐடி என்று தனி எண் வகுத்தது. எந்த முறையின் எந்த எண் எந்த சிஐடிக்குப் போகும் என்று சொல்லும் அட்டவணைக்குப் பெயர் சீமேப்.

பிடிஎஃப் பிறந்தது 1993இல். அது மோடம் காலம். சீன எழுத்துரு ஒன்றே பல மெகாபைட் வரும். அதனால் பலர் எழுத்துருவைக் கோப்புக்குள் வைக்காமல், அதன் பெயரையும் எழுத்துகளின் எண்களையும் மட்டும் எழுதி அனுப்பினார்கள். அந்த எழுத்துரு இருந்த கணினிகளில் சிக்கல் எழவில்லை.

லினக்ஸில்தான் இடித்தது. 2005இல் எக்ஸ்பிடிஎஃப் நிரலிலிருந்து கிளைத்த பாப்ளர்தான் எவின்ஸ், ஓக்குலர் என்ற இரு பிடிஎஃப் வாசிப்பு நிரல்களுக்கும் பக்கத்தை வரைந்து கொடுக்கிறது. கேட்ட எழுத்துரு இல்லையென்றால் அது வேறொன்றைக் கடன் வாங்க வேண்டும். அதற்கு சிஐடியை யூனிகோடாக மாற்றியாக வேண்டும். மாற்ற அட்டவணை வேண்டும். அந்த அட்டவணைகளோ பாப்ளர்-டேட்டா என்ற தனித் தொகுப்பில் இருந்தன. சீமேப் கோப்புகளைப் பகிரலாம், திருத்தக் கூடாது என்றது அடோபியின் பழைய உரிமம். யாரும் திருத்தக்கூடியதை மட்டுமே முதன்மைத் தொகுப்பில் சேர்க்கும் டெபியன் என்ற லினக்ஸ் வெளியீடு, இதை ‘நான்-ஃப்ரீ’ பகுதியில் ஒதுக்கி வைத்தது. டெபியன் கறாராக நின்றது சரியே. வெறும் எண்களின் அட்டவணைக்குப் பூட்டுப் போட்டதுதான் தவறு. அதன் விலையை, வெற்றுப் பக்கத்தைப் பார்த்து விழித்த வாசகர் கொடுத்தார்.

2009இல் பூட்டுத் திறந்தது. அப்போது அடோபியின் கிழக்காசிய எழுத்துமுறை வல்லுநராக இருந்த கென் லுண்டே பல்லாண்டு பேணிய அந்த சீமேப்கள், யாரும் திருத்தலாம், பகிரலாம் என்ற பிஎஸ்டி உரிமத்தில் வெளிவந்தன. பிறகு பாப்ளர்-டேட்டா டெபியனின் முதன்மைத் தொகுப்புக்குள் வந்தது.

கடன் வாங்க எழுத்துருவும் வேண்டுமே! 1999இல் தைவானின் ஆர்ஃபிக் நிறுவனம் தன் சீன எழுத்துருக்கள் சிலவற்றைத் திறந்த உரிமத்தில் தந்தது. 2004இல் தன்னார்வலர்களின் வென்-ச்சுவான்-யீ திட்டம் தொடங்கியது. 2014இல் அடோபியும் கூகுளும் சேர்ந்து சோர்ஸ் ஹான் சான்ஸை வெளியிட்டன; கூகுள் அதற்கு இட்ட பெயர் நோட்டோ சான்ஸ் சிஜேகே. அதில் 65,535 வடிவங்கள். ஓர் எழுத்துருக் கோப்பு தாங்கக்கூடிய உச்ச அளவே அதுதான்.

ஆகவே வெற்றுப் பக்கம் வந்தால் பாப்ளர்-டேட்டாவையும் நோட்டோ சிஜேகேயையும் நிறுவுங்கள். பிடிஎஃப்ஃபான்ட்ஸ் என்ற கட்டளையை ஓட்டினால் கோப்பிலுள்ள எழுத்துருக்களின் பட்டியல் வரும். ‘எம்ப்’ என்ற பத்தியில் ‘நோ’ என்றிருந்தால் எழுத்துரு உள்ளே இல்லை. சில கோப்புகள் சிஐடி வரிசையைக்கூடச் சொல்லாமல், தயாரித்தவரின் எழுத்துருவுக்குள் இருக்கும் வரிசை எண்ணை மட்டும் வைத்திருக்கும். அவற்றுக்கு எந்த அட்டவணையும் கைகொடுக்காது.

பிடிஎஃப் தயாரிப்பவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே வையுங்கள். முழு எழுத்துருவும் வேண்டாம்; பயன்படுத்திய எழுத்துகள் மட்டும் போதும்.