வடஆர்க்காட்டுக் கூத்தில் நடிப்புப் பயிற்சியும் நடிகர் தேர்வும்

வேலூரினின்று ஆம்பூர் நோக்கிச் செல்லும் பெருவழியில் இன்று நம் கண்ணிற் படுவன தோல் பதனிடும் ஆலைகளும் காலணித் தொழிலகங்களுமே. ஆயினும் வேலூரைத் தலைநகராகக் கொண்டு விளங்கிய பழைய வடஆர்க்காடு மாவட்டம், 1989-இல் இரண்டாகப் பிரிக்கப்படுமுன், ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய தோல் நகரங்களையும் செய்யாற்றுப் பக்கத்துக் கூத்தூர்களையும் ஒருங்கே தன்னகத்துக் கொண்டிருந்தது. கூத்தின் மத்தளத்துக்கும் தோலே வேண்டும் என்பதை ஈண்டு நினைவுகூரலாம். இம்மாவட்டத்துக் கூத்து மரபில் நடிப்பைப் பயிற்றுதலும் நடிகனைத் தெரிந்தெடுத்தலும் எவ்வாறு நடைபெற்றன என்பதையும், ஆடிஷன் என இன்று வழங்கும் தேர்வுக்கு ஆயத்தமாகும் மாணவர்க்கு அதனாற் கிடைப்பது யாது என்பதையும் ஆராய முற்படுகின்றோம்.

பயிற்சி முடிந்தபின் தேர்வு என்னும் முறையைச் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிற் காண்கின்றோம். ஐந்தாம் அகவையிற் பயிலத் தொடங்கிய மாதவி, ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் அகவையில் சோழன் அவையில் ஆடித் தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் பெற்றாள். அது கற்றோர் அவை நடத்திய தேர்வு, ஒருநாளில் முடிந்தது.

கூத்தில் அவ்வாறு குறித்த நாள் ஒன்றில்லை. குழுவிற் சேர்ந்த சிறுவன் முதலிற் செய்வது கேட்டலேயாம். பின்பாட்டுக்காரரோடு நின்று பாடுவான். பாட்டும் தாளமும் செவிவழியே உள்ளத்திற் படியும். கண்ணன், பிரகலாதன் முதலிய பாலவேடங்கள் அடுத்து வரும். அவற்றிற் குரலும் அடியும் தேறியவனுக்குப் பெண்வேடம் கிடைக்கும். மரத்தாற் செய்து கண்ணாடிச் சில்லும் வண்ணத்தாளும் பதித்த முடியும் தோளணியும் பூண்டு ஆடும் கட்டைவேடம் எளிதில் வாய்ப்பதன்று. விடியும்வரை அச்சுமையோடு பாடியும் சுழன்றாடியும் நிற்க வல்லவன்தானா என்பதைக் குழுவின் ஆசிரியர் பல இரவுகள் பார்த்தே முடிவு செய்வார். ஊராரும் பார்ப்பர், குரல் தளர்ந்தால் அவர்கள் உறங்கிவிடுவர். அதனினும் கடுமையான மதிப்பீட்டை யாம் அறியோம்.

இவற்றுள் எல்லாம் சிறந்தது திரைப் பிரவேசம். இருவர் பற்றிய சிறு திரையின் பின்னே நின்று நடிகன் முதலிற் பாடுகின்றான். அவையோர்க்கு அப்பொழுது கிடைப்பது குரல் மட்டுமே. துரியோதனனாயின் அவன் செருக்கும் கர்ணனாயின் அவன் வீறும் அக்குரலிலேயே விளங்குதல் வேண்டும். திரை மெல்ல விலகி முகம் தோன்றுவது பின்னரேயாகும்.

குரலுக்கு இத்தகைய முதன்மை பாலர் நாடகக் குழுக்களிலும் இருந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் தி. க. சண்முகம் ஆறு அகவையிற் சேர்ந்தார். அக்குழுக்களில் பாட்டே முதற்பாடம். மகரக்கட்டு நேர்ந்து குரல் உடைந்த சிறுவனின் நிலை பெரிதும் இரங்கத்தக்கது. அதுகாறும் அவன் ஏற்ற வேடம் இன்னொருவனுக்குப் போகும், பள்ளிப் படிப்போ முன்னரே கைவிடப்பட்டிருக்கும். கற்றோர் இவ்வழியில் வந்தாரல்லர். 1891-இல் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்த பம்மல் சம்பந்த முதலியார், நடிப்புக் கலையில் தேர்ச்சி பெறும் முறையைத் தனி நூலாகவே எழுதினார். கூத்தாசிரியர் நூல் எழுதவில்லை; எழுதியிருப்பின் அதன் முதல் இயல் குரலைப் பற்றியதாகவே இருந்திருக்கும் என்பது எம் கருத்து.

பள்ளியை இழந்தே கூத்தைக் கற்க வேண்டும் என்னும் நிலையை மாற்ற முயன்றவர் பெருங்கட்டூர் பொ. இராசகோபால். இளமையிலேயே படிப்பை விட்டு மேடையேறியவர் அவர். 1990-இல் கூத்துக் கலைஞர் சிலர் கூடிக் கட்டைக்கூத்துச் சங்கத்தை அமைத்தனர். அவரும், இக்கூத்தை ஆராய்ந்து லெய்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற அவர்தம் துணைவியார் ஹன்னெ தெ புரூயினும் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் 2020 வரை நடத்திய குருகுலத்தில், பிள்ளைகள் பள்ளிப் பாடமும் கூத்தும் ஒருசேரக் கற்றனர். ஆடவரே பெண்வேடமும் பூண்டுவந்த இக்கலையில் அங்குப் பெண்பிள்ளைகளும் பயின்று கட்டைவேடம் ஏற்றனர். அக்குருகுலம் மூடப்பட்டது இக்கலைக்கு நேர்ந்த பெரும் இழப்பாகும். ஒரு தலைமுறை பொறுத்துச் செய்யவேண்டிய பணிக்குப் பதினெட்டாண்டுகளே கிடைத்தன.

நகரத்து நடிகர்க்கும் இம்மரபு பயன்பட்டுள்ளது. ந. முத்துசாமி 1977-இல் சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறையில், இம்மாவட்டத்துப் புரிசையைச் சேர்ந்த கண்ணப்ப தம்பிரான் கூத்துப் பயிற்றுவித்தார். அப்பட்டறையிற் பயின்ற பசுபதி முதலியோர் பின்னர்த் திரைப்படத்திற் புகழ்பெற்றனர்.

இற்றை நாளில் திரைப்படத் தேர்வுக்குச் செல்லும் மாணவர் நீண்ட வசனம் ஒன்றை மனப்பாடம் செய்துகொண்டு போவதையே ஆயத்தம் எனக் கருதுகின்றனர். அங்குக் கிடைப்பதோ சில நிமிடங்கள். பெயர் சொல்லி நிற்கும் முதற் கணத்திலேயே குரலும் நிலையும் எடைபோடப்படுகின்றன. அதற்குத் திரைப் பிரவேசத்தை ஒத்த பயிற்சி பிறிதில்லை. வேலூர்க் கல்லூரிகளில் நாடகம் பயிற்றுவோர் ஒரு வேட்டியைத் திரையாகப் பிடித்து, மாணவனை அதன் பின்னே நிறுத்தி, குரலால் மட்டும் தன் பாத்திரத்தை உணர்த்தச் செய்யலாம். பின்னர்க் கட்டியக்காரன் முறையும் வேண்டும். திரை விலகியதும் வேந்தனை நோக்கி, நீர் யார், ஏன் வந்தீர் என அவன் வினவுவான். அவ்வினா ஊருக்கு ஊர், இரவுக்கு இரவு மாறும். மனப்பாடம் செய்த விடை அங்கு உதவாது.