தண்டவாளமும் தகவல் வழியும்: மாற்றுவதற்கு ஏற்ற வேளை எது?

மதுரையிலிருந்து மேற்கே போடிநாயக்கனூர் வரை சுமார் 90 கிலோமீட்டர் நீளமுள்ள இருப்புப்பாதை ஒன்று செல்கிறது. உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி ஆகிய ஊர்களைத் தொட்டுச் செல்லும் இப்பாதை 1928இல் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், போர்த் தேவைக்காக இதன் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. 1950களில் அவை மீண்டும் போடப்பட்டன. பிறகு, மீட்டர் பாதையை அகலப் பாதையாக மாற்றுவதற்காக, 2010ஆம் ஆண்டின் இறுதியோடு ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. தேனிக்கு மறுபடியும் ரயில் வந்தது 2022 மே மாதத்தில். போடிக்கு வந்தது 2023 ஜூன் மாதத்தில். 2011 ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை பன்னிரண்டாம் வகுப்பையே முடித்துவிடும் காலம் அது!

இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளை மனத்தில் இருத்திக்கொண்டு ஒரு கேள்வியை எழுப்புவோம். இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு வலைப்பின்னலின் விதியை எப்போது மாற்றுவது? ரயில்வேக்கு மட்டும் உரிய கேள்வி அன்று இது. வங்கி, மருத்துவமனை, கல்லூரி, வணிக நிறுவனம் என எங்கெல்லாம் கணிப்பொறிகள் வலையாகப் பின்னப்பட்டுள்ளனவோ, அங்கெல்லாம் அந்த வலையைக் காப்பவர் ஒருவர் இதே கேள்வியோடு போராடிக்கொண்டிருக்கிறார். "மாற்றினால் நின்றுவிடுமோ? மாற்றாவிட்டால் பின்தங்கிவிடுமோ?" என்பதே அவருடைய கவலை.

அகலம் என்பது ஓர் உடன்பாடு

மீட்டர் பாதையில் இரு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள தொலைவு 1,000 மில்லிமீட்டர். அகலப் பாதையில் அது 1,676 மில்லிமீட்டர். இவற்றுள் எந்த அளவு உயர்ந்தது என்பதைவிட, அடுத்த ஊரும் அதே அளவை ஏற்றிருக்கிறதா என்பதே முக்கியம். கணிப்பொறித் துறையினர் 'நெறிமுறை' என்று சொல்வதும் இத்தகைய உடன்பாட்டையே.

மதுரைக்கு வரும் முக்கியப் பாதைகள் ஒவ்வொன்றாக அகலமாயின. போடிப் பாதை மட்டும் மீட்டர் அளவிலேயே இருந்தால் அது ஒரு தீவு. மதுரையில் எல்லோரும் இறங்கி வண்டி மாற வேண்டும். பழுதுபார்க்க உதிரிப் பாகங்களும் அரிதாகும். ஆகவே மாற்றாமல் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு.

மாற்றுவதற்கான விலையோ இன்னும் கண்கூடானது. போடி ஒரு கடைக்கோடி நிலையம். அங்கே செல்ல வேறு இருப்புப்பாதை கிடையாது. பாதையை மூடிய நாளிலேயே எல்லாச் சுமையும் சாலையின் தலையில் விழுந்தது. பாலங்களை வலுப்படுத்தவும், மேடுகளை வெட்டவும், கரையை அகலமாக்கவும் வேண்டியிருந்தது; நிதியோ ஆண்டுதோறும் சிறிது சிறிதாகவே வந்தது. மாற்று வழியும் இல்லை, பழைய நிலைக்குத் திரும்பவும் வழியில்லை என்ற நிலையில் தொடங்கப்படும் மாற்றம் எவ்வளவு நீளக்கூடும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

36 மணி நேரத்தில் 11,000 மைல்

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்றைப் பாருங்கள். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென் மாநிலங்களில் ரயில் பாதைகள் பெரும்பாலும் 5 அடி அகலத்தில் இருந்தன. வட மாநிலங்களில் வழக்கிலிருந்த அகலம் 4 அடி 8½ அங்குலம். 1886 மே 31 அன்று தொடங்கி, சுமார் 36 மணி நேரத்தில், தென் மாநிலங்களில் 11,000 மைலுக்கும் மேற்பட்ட பாதையை 4 அடி 9 அங்குலத்துக்கு மாற்றிவிட்டார்கள். மீதி அரை அங்குல வேறுபாடு ரயில் ஓடத் தடையாக இல்லை.

இது எப்படி முடிந்தது? நகர்த்த வேண்டியது ஒரு பக்கத் தண்டவாளத்தை மட்டுமே. அதுவும் மூன்று அங்குலம்தான். புதிய இடத்துக்கான ஆணிகளைக் கட்டைகளில் முன்னதாகவே அடித்து வைத்தார்கள். ஏராளமான வண்டிகளின் சக்கரங்களையும் முன்கூட்டியே மாற்றத்துக்கு ஏற்றபடி அமைத்தார்கள். எல்லா நிறுவனங்களும் கூடிப் பேசி ஒரே நாளைக் குறித்தன. நாம் வியக்கும் அந்த 36 மணி நேரத்துக்குப் பின்னால் பல மாத ஆயத்தம் இருந்தது.

லாரிக்கு வழி சொல்பவர் யார்?

இனிக் கணிப்பொறி வலைக்கு வருவோம். வலையில் செல்லும் செய்தி சிறு சிறு பொதிகளாகப் பிரிந்து போகிறது. ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு கருவி நின்று, 'நீ இப்படிப் போ' என்று பொதிக்கு வழிகாட்டுகிறது. இதற்கு ரவுட்டர் என்று பெயர்.

தேனியிலிருந்து இடுக்கி மலைக்கு ஒரு லாரி புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். போடிமெட்டு வழியாக ஏறலாம். கம்பம்மெட்டு வழியாக ஏறலாம். குமுளி வழியாகவும் போகலாம். போடிமெட்டில் மண் சரிந்துவிட்டால் தேனியில் நிற்பவருக்கு அது எப்படித் தெரியும்? ஒரு முறை, பக்கத்து ஊர்க்காரர் சொல்வதைக் கேட்டு நடப்பது. மற்றொரு முறை, எல்லாச் சாலைகளின் நிலையையும் காட்டும் முழு வரைபடத்தை ஒவ்வொரு ஊரிலும் வைத்துக்கொள்வது.

இன்றைய இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் 1969இல் அமெரிக்காவில் தொடங்கியபோது முதல் முறையையே கையாண்டது. அதில் ஒரு குறை இருந்தது. வழி அடைபட்ட பிறகும், 'அவர் வழியாகப் போகலாம்' என்று இவரும், 'இவர் வழியாகப் போகலாம்' என்று அவரும் ஒருவரையொருவர் நம்பிக்கொண்டிருப்பார்கள். பொதி இருவருக்கும் இடையே சுற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே 1979இல் வரைபட முறைக்கு மாறினார்கள். இன்று நிறுவனங்களில் பெரிதும் வழங்கும் ஓ.எஸ்.பி.எஃப். என்னும் நெறிமுறை இந்த வரைபட வழியைச் சேர்ந்ததே.

44, 40, 8: ஒரு விந்தைக் கணக்கு

புதிய முறை ஓராண்டுக்கு மேல் நன்றாகவே நடந்தது. 1980 அக்டோபர் 27 அன்று ஆர்ப்பாநெட் முழுவதும் பல மணி நேரம் முடங்கியது. காரணத்தை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

ஒவ்வொரு முனையும் தன் சாலைகளின் நிலையை அறிவிக்கும்போது ஒரு வரிசை எண்ணையும் சேர்த்து அனுப்பும். எண்கள் 0 முதல் 63 வரை சென்று மீண்டும் 0க்கு வரும், கடிகார முகத்தைப் போல. ஓர் எண்ணிலிருந்து முன்னோக்கி 32 இடங்களுக்குள் மற்றோர் எண் இருந்தால், அந்த மற்றோர் எண்ணே புதியது என்பது விதி. கருவிக் கோளாறால் இரும இலக்கங்கள் சில உதிர்ந்து போக, ஒரே முனையின் பெயரால் 8, 40, 44 என்ற மூன்று எண்களோடு அறிவிப்புகள் உலவத் தொடங்கின. 44 என்பது இரும எண்ணில் 101100. அதில் ஓர் 1 உதிர்ந்தால் 101000, அதாவது 40. இன்னும் ஓர் 1 உதிர்ந்தால் 001000, அதாவது 8.

இப்போது விதியைப் பொருத்துங்கள். 8ஐ விட 40 புதியது, இடைவெளி 32. 40ஐ விட 44 புதியது, இடைவெளி 4. 44இலிருந்து சுற்றி வந்தால் 8க்கு இடைவெளி 28. ஆகவே 44ஐ விட 8 புதியது! மூன்றும் ஒன்றையொன்று 'பழையது' என்று தள்ளிக்கொண்டு முடிவின்றிச் சுற்றின. முனைகள் இந்த அறிவிப்புகளைக் கையாளுவதிலேயே மூழ்கிப் போயின. ஒரு முனையை நிறுத்தி மீண்டும் இயக்கினாலும் பக்கத்து முனைகள் அதே அறிவிப்புகளை மறுபடியும் அனுப்பின. அந்த ஒரு முனையின் அறிவிப்பைப் புறக்கணிக்கும்படி எல்லா முனைகளின் செயல்திட்டத்தையும் அவசரமாகத் திருத்திய பிறகே வலை எழுந்தது.

முதல் இரவு ஒழுங்காக ஓடியது என்பதால் மாற்றம் வெற்றி என்று சொல்லிவிட முடியாது. வலை நோயுற்றிருக்கும்போது அதையே திருத்துவதோ, மாற்றம் செய்வதற்கு எல்லாவற்றினும் மோசமான வேளை.

நாள் குறித்து மாறிய வலை

ஆர்ப்பாநெட் அடுத்த பெரிய மாற்றத்தை நாள் குறித்துச் செய்தது. 1983 ஜனவரி 1 முதல் பழைய என்.சி.பி. நெறிமுறை நீங்கி, டி.சி.பி./ஐ.பி. மட்டுமே வழங்கும் என அறிவித்தார்கள். அறிவித்ததோடு நிற்கவில்லை. 1982இன் நடுவில் ஒரு நாள் முழுதும் பழைய நெறிமுறையை நிறுத்திக் காட்டினார்கள். பின்னர் இரண்டு நாள் நிறுத்தினார்கள். யார் யார் ஆயத்தமாகவில்லை என்பது அந்த ஒத்திகையில் வெளிப்பட்டது. அப்படியும் சிலர் மாறி முடிக்க மேலும் சில மாதங்கள் ஆயின.

அதிகாலை மட்டும் போதுமா?

'ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் மாற்றினால் போயிற்று' என்று நீங்கள் நினைக்கலாம். 2022 ஜூலை 8 அன்று கனடாவில் ரோஜர்ஸ் என்னும் தொலைத்தொடர்பு நிறுவனம் அதிகாலையில்தான் தன் மைய வலையில் மாற்றம் செய்தது. ஏழு கட்டங்களில் ஆறாவது கட்டத்தில் ஒரு வடிகட்டி விதி நீக்கப்பட்டது. வழித்தகவல் வெள்ளமெனப் புகுந்து மைய ரவுட்டர்களைத் திணறடித்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டனர். அவசர உதவிக்கான அழைப்புகள்கூடப் பலருக்குக் கிட்டவில்லை.

2021 அக்டோபர் 4 இரவு வாட்ஸ்அப் நின்றுபோனது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பேஸ்புக் நிறுவனத்தில் வழக்கமான பராமரிப்பின்போது கொடுக்கப்பட்ட ஒரு கட்டளை, அதன் முதுகெலும்பு வலை முழுவதையும் துண்டித்துவிட்டது. சுமார் ஆறு மணி நேரம் சேவை இல்லை. கோளாறைத் திருத்தப் பொறியாளர்கள் பயன்படுத்த வேண்டிய கருவிகளும் அதே வலையையே நம்பியிருந்தன. வீட்டுக்குள் சாவியை வைத்துவிட்டு வெளியே நின்று கதவைச் சாத்திக்கொண்ட கதைதான்!

போடியில் ஒரு கற்பனை நிறுவனம்

இந்த வரலாறு நமக்கு எப்படிப் பயன்படும்? போடி ஏலக்காய் வணிகத்துக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கே தலைமையகமும், தேனி, கம்பம், குமுளி ஆகிய ஊர்களில் கிளைகளும் கொண்ட ஏலக்காய் நிறுவனம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதன் வலையைக் காப்பவர் நீங்கள்.

முதலில், மாற்றாவிட்டால் என்ன நட்டம் என்று கேளுங்கள். பாதுகாப்புக் குறையை அடைக்கும் மாற்றமானால் தள்ளிப்போட வேண்டாம். வெறும் அழகுக்கான மாற்றமானால் அறுவடையும் ஏலமும் மும்முரமாக இருக்கும் மாதங்களில் கை வைக்க வேண்டாம். நாள்காட்டி இதற்குத்தான் பயன்படும்.

அடுத்து, மாற்று வழி இருக்கிறதா என்று பாருங்கள். கம்பத்துக்கு இரண்டு இணைப்புகள் இருந்தால், ஒன்றின் 'தூரத்தை' வேண்டுமென்றே கூட்டிக் காட்டுங்கள். பொதிகள் தாமாகவே மற்ற இணைப்புக்குப் போய்விடும். காலியான பாதையில் நிதானமாக வேலை செய்யலாம். ஒரே இணைப்புதான் என்றால் முதலில் இரண்டாவதை ஏற்படுத்துங்கள், தற்காலிகமாகவேனும்.

மூன்றாவது, திரும்பும் வழி. பழைய அமைப்பை எழுதிச் சேமித்து வையுங்கள். 'பத்து நிமிடத்துக்குள் நான் உறுதி செய்யாவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பிவிடு' என்று முன்கூட்டியே கட்டளையிடும் வசதி பல ரவுட்டர்களில் உண்டு. மாற்றத்தால் உங்கள் தொடர்பே அறுந்துபோனாலும், ரவுட்டர் தானே பழைய வழியைப் பிடித்துக்கொள்ளும். அதோடு, அந்த வலையைச் சாராத தனித் தொடர்பு ஒன்றும் ஒவ்வொரு கிளைக்கும் இருக்கட்டும். கிளையில் கருவியருகே நிற்கும் ஓர் ஆளின் பெயரும் உங்கள் கையில் இருக்கட்டும்.

ஒரு கிளையில் மாற்றிச் சில நாள் கவனித்த பிறகே அடுத்த கிளைக்குச் செல்லுங்கள். அந்தச் சில நாட்களில் ஓர் இணைப்பை நீங்களே துண்டித்து, வலை எப்படி நடந்துகொள்கிறது என்றும் பாருங்கள். எல்லாக் கிளைகளும் ஒரே கணத்தில் மாறியாக வேண்டிய நிலை என்றால், 1982இல் செய்ததுபோல ஒத்திகை நடத்துங்கள்.

தூங்கும் நேரத்தில் தவறு செய்தால் அதைக் காண்பவர் குறைவாக இருப்பார்கள், அவ்வளவே. மாற்றத்துக்கு ஏற்ற வேளை, திரும்பி வரும் பாதை ஆயத்தமாகி, அதில் ஒருமுறை நடந்தும் பார்த்த பிறகே பிறக்கிறது.