உரை விற்ற ஊர்

ஸ்ரீரங்கத்தில் 13-ஆம் நூற்றாண்டில் நம்பிள்ளை என்னும் ஆசாரியர் திருவாய்மொழிக்குப் பொருள் சொல்லிவந்த காலத்தில், பகலெல்லாம் அவருடைய காலக்ஷேபத்தைக் கேட்டிருந்து, இரவில் வீடு திரும்பியதும் கேட்டதில் ஒன்றும் நழுவாதபடி ஓலையில் எழுதிவைத்த சீடர் ஒருவர் இருந்தார். வடக்குத் திருவீதிப் பிள்ளை என்று வைஷ்ணவ உலகம் அவரை அறியும். அனுமதியின்றி எழுதிய அந்தக் குறிப்புகள் ஒருநாள் குருவின் கண்ணிலேயே பட்டபோது, அவற்றின் அழகை மெச்சிய அவர், கேளாமல் எழுதியதற்காகச் சுவடியைத் தாமே வாங்கி வைத்துக்கொண்டு, பின்னர் வேறொரு சீடரிடம் ஒப்படைத்தார் என்றும், அது நெடுங்காலம் ஓராண்வழியாக, அதாவது ஒருவர் ஒருவருக்கு மட்டுமே சொல்லும் முறையில், மறைவாக வழங்கிவந்தது என்றும் குருபரம்பரைச் செய்தி கூறும். அதுவே ஈடு முப்பத்தாறாயிரப்படி. 32 எழுத்துக் கொண்டது ஒரு கிரந்தம். அத்தகைய 36,000 கிரந்தங்களின் அளவுள்ளது என்பது பெயரின் பொருள். உரையின் பருமனை அளந்தே அதற்குப் பெயரிட்ட ஊர் இது.

வகுப்பில் கேட்டதை மாணாக்கன் எழுதிக்கொண்ட நோட்டு என்று ஈட்டைச் சொன்னால் பெரியோர்கள் என்மேல் கோபங்கொள்ளக்கூடும். ஆயினும், காவிரியின் தென்கரையில் ஒன்றும் நடுத்தீவில் ஒன்றுமாக அமைந்த திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம் என்னும் இவ்விரு ஊர்களின் கல்விப் பிரசுர வரலாற்றை ஆராயப் புகுவோனுக்கு, மூலத்தைவிட உரையே இங்கு எப்போதும் அருமையான பொருளாகவும், காலக்கிரமத்தில் விலைபோகும் பொருளாகவும் இருந்துவந்தது என்ற உண்மை முதலிலேயே புலப்பட்டுவிடுகிறது.

நூல் கிடைப்பதே அரிதாயிருந்த நிலை சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலும் நீடித்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815-1876) இளமையில் திருச்சிராப்பள்ளியில் கற்றுவந்தபோது, தண்டியலங்காரத்தில் வல்ல ஒரு பரதேசி அந்நகர வீதிகளில் பிச்சையெடுத்துத் திரிவதாகக் கேள்வியுற்று, அவர் போகும் தெருவெல்லாம் உடன்போய், அவர் விரும்பிய கஞ்சாவையும் வாங்கிக் கொடுத்து, அவர் மனம் இரங்கிய வேளைகளில் பாடம் கேட்டுக்கொண்டார் என்று உ. வே. சாமிநாதையர் எழுதியுள்ள சரித்திரத்தால் அறிகிறோம். ஓர் இலக்கண நூலுக்கு அன்று கொடுக்க வேண்டியிருந்த கிரயம் அது. அச்சுக்கூடம் வைப்பதற்கு இருந்த தடைகள் 1835-இல் நீங்கிவிட்டன என்றாலும், சென்னையில் அச்சாகும் நூல்கள் காவிரிக்கரைக்கு வந்துசேர நெடுநாள் ஆயிற்று.

அச்சுத் தொழிலை இப்பக்கத்தில் ஒரு பெருமுயற்சியாக நடத்திக் காட்டியவர் ஸ்ரீரங்கத்தில் ஸ்ரீ வாணீ விலாஸ் அச்சுக்கூடத்தை நிறுவிய டி. கே. பாலசுப்பிரமணிய ஐயர். 20-ஆம் நூற்றாண்டின் முதற்பத்தாண்டிலேயே, ஸுபந்துவின் வாஸவதத்தை, ஹர்ஷனுடைய பிரியதர்சிகை போன்ற காவிய நாடகங்களை ஆர். வி. கிருஷ்ணமாசாரியாரின் பரிசோதனையோடு தேவநாகரியில் அங்கிருந்து அவர் வெளியிடலானார். தமிழ்நாட்டுப் பண்டிதர்களோ கிரந்த லிபியிலும் தெலுங்கு லிபியிலும் ஸம்ஸ்கிருதம் படித்துப் பழகியவர்கள். அவர்களைவிட்டு நாகரியில் அச்சிட்டு, ஆங்கில முன்னுரையும் சேர்த்ததனால், காசியிலும் பம்பாயிலும் உள்ள படிப்பாளிகளையும், சர்வகலாசாலைப் பரீட்சைக்குப் போகும் வித்தியார்த்திகளையும் இந்தப் பிரசுரங்கள் ஒருங்கே எட்ட முடிந்தது. லிபி மாற்றம் என்பது இங்கே சந்தை மாற்றம்.

அவ்வச்சுக்கூடத்தின் சிகரமான காரியம் ஆதிசங்கரரின் நூல்கள் முழுவதையும் 20 தொகுதிகளாக வெளியிட்டது. சிருங்கேரி ஜகத்குரு ஸ்ரீ ஸச்சிதானந்த சிவாபிநவ நரஸிம்ஹ பாரதீ ஸ்வாமிகளின் ஆதரவில், காலடியில் சங்கரருக்கு ஆலயம் பிரதிஷ்டையான 1910-ஆம் ஆண்டை ஒட்டி, நினைவுப் பதிப்பாக அது வெளிவந்தது. விசிஷ்டாத்வைதத்தின் தலைநகரான ரங்கநாதன் திருவீதிகளுக்கு நடுவே அத்வைத பாஷ்யங்கள் அச்சேறிய விநோதத்தை ஊரார் எப்படி ரசித்தார்களோ! மடத்தின் அருளும் பக்தர்களின் பற்றும் பின்நின்று தாங்காவிட்டால் இருபது தொகுதிகளை எந்த வியாபாரியும் துணிந்து அச்சிட்டிருக்க மாட்டான். போஷகர்களை நம்பிய பிரசுரத்தின் உச்சி அது. அந்த வகை அதற்குமேல் வளர இடமில்லை.

வளர்ந்தது வேறு வகை. நாகப்பட்டினத்தில் 1844-இல் தோன்றிய புனித வளனார் கல்லூரி 1883-இல் திருச்சிராப்பள்ளிக்கு வந்து தெப்பக்குளத்தின் அருகே ஊன்றியது. 1919-இல் தேசியக் கல்லூரியும், 1923-இல் பெண்களுக்கு ஹோலி கிராஸ் கல்லூரியும், 1951-இல் ஜமால் முகமது கல்லூரியும் சீதாலட்சுமி ராமசாமி கல்லூரியும் எழுந்தன. வளனார் தொழிற்பள்ளியின் அச்சுக்கூடம் சமய நூல்களோடு கல்வி நூல்களையும் அச்சிட்டு, ஊரில் அச்சுக்கோப்போரின் ஒரு தலைமுறையையே உருவாக்கிற்று. இத்தனை ஆயிரம் மாணாக்கர்கள் ஒரு குளத்தைச் சுற்றிலும் நடமாடும்போது, குளத்தின் கரையில் புத்தகக் கடை வராமலிருக்குமா?

யுத்தகாலத்துக் காகிதக் கட்டுப்பாடு பிரசுரகர்த்தர்களை வாட்டிய 1940-களில், செட்டிநாட்டிலிருந்து வந்த பழனியப்பச் செட்டியார் தெப்பக்குளத்தில் பழனியப்பா பிரதர்ஸைத் தொடங்கினார். அருகே வளனார் கல்லூரியில் தமிழ் கற்பித்துவந்தார் ஐயம்பெருமாள் கோனார். இவ்விருவரின் சேர்க்கையால் பிறந்ததே கோனார் தமிழ் உரை. செய்யுள், பதவுரை, பொழிப்புரை, இலக்கணக் குறிப்பு, வினாவிடை என்ற அதன் அமைப்பு புதிதன்று. பரிமேலழகரும் நச்சினார்க்கினியரும் நடந்த பாதைதான். பரீட்சைக்கு வரக்கூடிய வினாவை முன்னதாகவே எழுப்பி, அதற்கு எத்தனை மதிப்பெண்ணோ அத்தனை வரியில் விடை கொடுத்ததுதான் புதிது. எங்கோ ஒரு சிற்றூரில், சங்கச் செய்யுள் ஒன்றைத் தனியாக எதிர்கொள்ள வேண்டியிருந்த மாணாக்கனுக்கும், சொல்லப்போனால் அவனுடைய உபாத்தியாயருக்கும், திருச்சிராப்பள்ளிக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் வீட்டுக்கே வந்து பாடஞ்சொன்னதுபோல அது அமைந்தது. ஆசிரியரின் சாதிப்பெயரே சரக்கின் பெயராயிற்று, வேறு எவர் வெளியிட்ட உரையை வாங்கப் போனாலும், "கோனார் இருக்கா?" என்றே கேட்கும் வழக்கம் தமிழ்நாடெங்கும் பரவிற்று.

பண்டிதர்கள் இவ்வகை நூல்களை இகழ்ந்ததுண்டு. மூலத்தைத் தொடாமலே பரீட்சையில் தேறிவிடலாம் என்ற சோம்பலை அவை வளர்த்தன என்பது அவர்கள் குறை. அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் வகுப்புக்கு அறுபது பேரை உட்காரவைத்து, ஒரே கேள்வித்தாளால் ஒரு நாடு முழுவதையும் அளக்கும் பரீட்சை முறையைப் படைத்தவர் எவரோ, அவரைவிட்டு நோட்ஸ் எழுதினவரை நோவது பொருந்துமென்று எனக்குத் தோன்றவில்லை.

இத்தொழிலின் பெரிய திருப்பம் 1970-இல் நேர்ந்தது. அதற்கு முன், கீழ் வகுப்புகளுக்குத் தனியார் வெளியிடும் புத்தகங்களை ராஜாங்கக் குழு பரிசீலித்து அங்கீகரிக்க, அப்பட்டியலிலிருந்து பள்ளிகள் தாம் விரும்பியதைத் தேர்ந்துகொண்டன. பட்டியலில் இடம்பெறுவதே பிரசுரகர்த்தரின் ஜீவாதாரம். தலைமையாசிரியர்களுக்கு மாதிரிப் பிரதிகளைச் சுமந்துசென்று காத்திருப்பது அவருடைய பிரதிநிதிகளின் கோடைகாலத் தவம். தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் அவ்வாண்டு அமைக்கப்பட்டு, பாடநூல் வெளியீடு படிப்படியாக அரசின் கைக்குப் போனபோது, பாடநூலையே நம்பியிருந்த தனியார் நிலைகுலைந்தார்கள். உரை விற்றவர்களுக்கோ அது வரமாக முடிந்தது. பள்ளிக்கொரு புத்தகம் இருந்தவரையில் புத்தகத்துக்கொரு உரை எழுத வேண்டும், ஒவ்வொன்றும் சிறிதளவே விற்கும். நாடு முழுவதற்கும் ஒரே புத்தகம் என்றானபின், ஒரே உரை கன்னியாகுமரி முதல் திருத்தணி வரையில் செல்லுபடியாயிற்று. மூலத்துக்கு அரசு ஏகபோகம் கொண்டாட, அந்த ஏகபோகமே உரைக்குப் பெருஞ்சந்தையை அமைத்துக் கொடுத்தது.

அதன்பின் 1978-இல் மேல்நிலை வகுப்பு வந்து, கல்லூரியின் புகுமுக வகுப்பு பள்ளிக்கு இறங்கிற்று. 2011-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை அடுத்துச் சமச்சீர்க் கல்வி முழுமையாக அமலாகி, மெட்ரிக் பள்ளிகளுக்குத் தனியே நூல் வெளியிட்டு வந்தவர்களின் சந்தையும் கரைந்தது. பாடத்திட்டம் மாறும் ஒவ்வோர் ஆண்டும் தொழிலுக்கு ஓட்டப்பந்தயம். புதிய பாடநூல் கைக்கு வந்த சில வாரங்களுக்குள் உரை கடையில் இருந்தாக வேண்டும். பிந்தினால் போட்டியாளரின் உரை மாணாக்கன் பையில் குடியேறிவிடும். ஈய எழுத்தைக் கோத்துப் பாரம் பாரமாக முடுக்கி, காலி புரூஃபை விளக்கொளியில் திருத்திய காலத்தில் இந்த ஓட்டம் எத்தகைய உழைப்பாக இருந்திருக்கும் என்பதை, கணினியில் பக்கம் அமைத்துச் சிவகாசி ஆப்செட்டில் அடித்து வாங்கும் இன்றைய தலைமுறை உணர்வது அரிது.

2018 முதல் வெளிவந்த புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடு அச்சிடப்பட்டிருக்கிறது. பாடநூலை இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். கைப்பேசியில் யூடியூப் ஆசிரியர்கள் செய்யுளுக்கு இராப்பகலாகப் பொருள் சொல்கிறார்கள். வாணீ விலாஸின் சங்கர கிரந்தங்கள்கூட 1980-களில் சென்னையில் மறுபதிப்பாக உயிர்பெற்று, இன்று கணினித் திரையில் விலையின்றிக் காணக் கிடைக்கின்றன.

ஆயினும் பள்ளி திறக்கும் மாதத்தில் தெப்பக்குளத்துப் பக்கம் போனால், கடை வாசலில் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் தாய் ஒருத்தியை இன்றும் காணலாம்.

"பத்தாவதுக்குக் கோனார் இருக்காங்க?"

"இருக்கும்மா. தமிழ் மட்டுமா, எல்லாப் பாடமும் சேர்த்தா?"

அவள் பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறாள்; பிள்ளை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"தமிழ் மட்டும் குடுங்க" என்று அவளே தீர்மானித்துப் பணத்தை எடுக்கிறாள்.