முதுகை வளைத்த குட்டைப் பிடி

இடுப்பை வளைத்துக் குனிந்து பாருங்கள். மேலுடல் ஒரு நெம்புகோலாகிறது. அதன் ஆதாரம் இடுப்பு முள்ளெலும்பு. முதுகுத் தசைகள் அதிலிருந்து சுமார் 5 செ.மீ. தொலைவிலேயே இழுப்பதால், மேலுடலின் எடையைப்போலப் பல மடங்கு விசை தேவை. அவ்விசை முள்ளெலும்புகளுக்கு இடையேயுள்ள வட்டுகளை நசுக்குகிறது.

கலிபோர்னியாவின் லெட்டூஸ் கீரை வயல்களில், பெரும்பாலும் மெக்சிகோ வழிவந்த தொழிலாளர்கள் நாள் முழுதும் இப்படிக் குனிந்தே பயிர் கலைத்தனர். அவர்களது களைக்கொத்தியின் பிடி இரண்டடிக்கு மேல் இராது. குட்டைப் பிடியில்தான் வேலை துல்லியமாகும் என்றனர் பண்ணையார்கள். நிமிர்ந்து இளைப்பாறுபவரைக் கண்காணி தொலைவிலிருந்தே கண்டுகொள்ளவும் அது உதவிற்று! பலருக்கு முதுகு நிரந்தரமாகப் பழுதாயிற்று.

தொழிலாளர்கள் வழக்காடினர். 1975 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அவ்வாண்டே அக்கருவி தடைசெய்யப்பட்டது. நீண்ட பிடியாலும் அதே வேலை நடந்தது. அப்படியானால் அத்தனை முதுகுகள் பழுதானது ஏன்? பிடியின் நீளத்தை முடிவு செய்தவர்கள் வயலில் குனியாதவர்கள்.