பவனா பள்ளத்தாக்கில் ஒரு வனவாசியின் தூபி

மத்திய அமெரிக்காவின் பெலீசு நாட்டில், காட்டாறு ஒன்றில் நீந்தி நுழையவேண்டிய மாயர் குகையைப் பற்றிய காணொளியை மாணவ நண்பர் ஒருவர் அனுப்பியிருந்தார். உடன் ஒரு கேள்வி: "நம் பக்கம் இப்படி எதுவும் கிடையாதா?" கேள்வி எளியது, அதற்குப் பின்னால் இருக்கும் எண்ணம் அத்தனை எளியதன்று.

அக்குகையின் பெயர் அக்துன் துனிச்சில் முக்னால். மாயர்கள் குகைகளைக் கீழுலகின் வாயில்களாகக் கருதினர். மழை பொய்த்த கி.பி. 8, 9ஆம் நூற்றாண்டுகளில் தீவட்டியோடு உட்புறம் வெகுதூரம் சென்று மண்கலங்களைப் படைத்திருக்கின்றனர். மனித உயிர்களையும் பலியிட்டிருக்கின்றனர். 14 பேரின் எலும்புகள் அங்கே கிடைத்துள்ளன. குழந்தைகளுடையவையும் அவற்றில் உண்டு. சுண்ணப் படிகம் படிந்து மின்னும் முழு எலும்புக்கூடு ஒன்றுக்குப் 'படிகக் கன்னி' என்று பெயர் வைத்தார்கள். அது பதின்பருவத்து ஆணாக இருக்கக்கூடும் என்று பின்னாளில் ஆய்வாளர் சிலர் கருதினர். 2012இல் சுற்றுலாப் பயணி ஒருவரின் கேமரா கைதவறி ஒரு மண்டையோட்டின்மேல் விழுந்து அதை உடைத்தது. அதன்பின் கேமராவுக்கு அங்கே தடை. அங்கே கிடப்பவர்களில் ஒருவருடைய இயற்பெயரும் நமக்குத் தெரியாது.

இனி நம் பக்கம். நான் தங்கியிருக்கும் தாபோடி, பவனா ஆறு முளா ஆற்றோடு கலக்கும் இடத்தருகே இருக்கிறது. லோணாவளா செல்லும் உள்ளூர் ரயிலில் ஏறிக் காம்ஷேத்தில் இறங்கித் தெற்கே சென்றால், அதே பவனாவின் பள்ளத்தாக்கை ஒட்டிய மலையில் பெட்சே குடைவரைகள். ஏறத்தாழ 400 படிகள். கார்லேயின் கூட்டம் இங்கே வருவதில்லை. வாயிலை மறைத்து நிற்கும் பாறைக்கு நடுவே ஒடுங்கிய வழி ஒன்று உண்டு. அதனுள் நுழைந்தவுடன் எண்பட்டைத் தூண்கள் திடீரென நிமிர்ந்து நிற்கும். அவற்றின் உச்சியில் குதிரைமீதும் யானைமீதும் அமர்ந்த இணைகள். கி.மு. முதல் நூற்றாண்டுப் பணி. பக்கத்திலுள்ள விகாரை பின்புறம் வளைந்து, மேலே வண்டிக்கூடு போன்ற கூரையோடு இருக்கிறது. இத்தகைய விகாரை வேறெங்கும் அரிது.

என்னை அங்கே நிறுத்தியது சிற்பமன்று. மூன்று சிறு பிராகிருதக் கல்வெட்டுகள். நாசிக்கிலிருந்து வந்த, ஆனந்தன் என்னும் செட்டியின் மகன் புஷ்யணகனின் கொடை ஒன்று. நீர்த்தொட்டி ஒன்றைக் கொடுத்தவள் சாமதினிகா. மகாபோஜன் மகள், மகாரதி குடும்பத்தவள், ஆபதேவணகனின் மனைவி. மலையேறி வருபவர்களின் தாகத்துக்கு ஒரு பெண் வெட்டுவித்த நீர்நிலை அது. மூன்றாவது, ஒரு தூபியைப் பற்றியது: காட்டில் வாழ்ந்து பிச்சையுண்ட கோபூதி என்னும் துறவிக்காக அவருடைய மாணவர் அசளமிதர் எடுப்பித்தது.

துறவியைக் குறிக்கும் சொல் 'ஆரணக', அதாவது வனவாசி. காடு இங்கே வந்து மூடிக்கொண்டதன்று. காடென்பதால்தான் அவர்கள் வந்தனர். ஆயினும் அது வழியற்ற காடுமன்று. கொங்கணக் கரையையும் தக்காணத்தையும் இணைத்த போர் கணவாய் அருகில்தான் இருக்கிறது. வணிகன் பொருள் தந்தான், துறவி தனிமை பெற்றான். நம் மாங்குளத்திலும் இதே நிலைதான்: நெடுஞ்செழியன் காலத்தில் கணி நந்தன் என்னும் சமண முனிவருக்குப் பள்ளி அமைத்துக் கொடுத்ததைத் தமிழி எழுத்து சொல்கிறது.

எனவே 'காட்டில் தொலைந்த குகையைக் கண்டுபிடித்தல்' என்னும் சாகசக் கதை எனக்கு உவப்பாக இல்லை. அஜந்தாவுக்கு 1819 ஏப்ரல் 28 அன்று வேட்டைக்கு வந்த ஜான் ஸ்மித், 10ஆம் குகைத் தூணில் தம் பெயரையும் தேதியையும் கீறிவிட்டுப் போனார். கண்டுபிடித்தவர் என்று இன்றும் அவரையே சொல்கிறோம். பெட்சேயில் நடந்தது வேறு வகை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அடிக்கடி பார்வையிட வந்த ஆங்கிலேய அதிகாரிகளை மகிழ்விக்க உள்ளூர் அலுவலர்கள் குகையைத் துப்புரவு செய்து வண்ணம் பூசினர். எஞ்சியிருந்த பழைய சுதையும் ஓவியமும் அதோடு போயின. பகையால் அழிந்ததன்று, பணிவால் அழிந்தது. இன்று கரித்துண்டாலும் சாவியாலும் தம் பெயரைக் குகைச் சுவர்களில் எழுதிச் செல்பவர்களும் குகையை வெறுப்பவர்கள் அல்லர். அங்கே ஏற்கெனவே பெயர்கள் இருக்கின்றன என்பதை அவர்கள் அறியார், அவ்வளவே.

நண்பருக்கு நான் எழுதிய பதில் இது: இருக்கிறது, நீந்த வேண்டியதில்லை. ஞாயிறு காலை முதல் ரயிலுக்குத் தாபோடி நிலையத்துக்கு வந்துவிடுங்கள். குடிநீரும் பிராமி எழுத்து அட்டவணையும் எடுத்து வாருங்கள். பத்து மணிக்குமுன் போய்விட்டால் கிழக்கு வெயில் உள்ளே விழும். சாமதினிகாவின் பெயரை நீங்களே எழுத்துக்கூட்டிப் படிக்கலாம்.